ஒரு வார்த்தையும் மாற்றாமல்

காந்திமதிக்குப் பதினான்காவது கேள்வியின் மேல் ஒரு தனிப் பிரியம். கேள்வித்தாளில் மற்றவையெல்லாம் குழுவாக உட்கார்ந்து அடித்துத் திருத்தியவை. அது மட்டும் அவள் ஒருத்தியாக எழுதியது.

சென்னையில் அவள் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனம் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சர்வே எடுத்துக்கொண்டிருந்தது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கியவர்கள் அதை விழுங்குகிறார்களா, சாமி படத்துக்குப் பின்னால் சேர்த்து வைக்கிறார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு பாடும். கேள்விகள் ஆங்கிலத்தில் பிறந்தன. தமிழாக்க ஒரு கம்பெனியிடம் கொடுத்ததில், 'கடந்த ஆறு மாதங்களில் இவ்வில்லத்தைச் சார்ந்த எவரேனும் மருந்துகளை உட்கொண்டனரா?' என்று திரும்பி வந்தது. காந்திமதி மீட்டிங்கிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கண்டாச்சிபுரத்துல போய் இவ்வில்லம்னு கேட்டா, கோயில் வசூலான்னு கேப்பாங்க சார்," என்றாள் இயக்குநரிடம்.

"அப்ப நீயே மாத்தும்மா. உன் ஊர்தானே," என்றார் அவர்.

அந்த 'உன் ஊர்தானே' அவளுக்கு இனித்தது. பி.எச்.டி. பட்டம் அந்த மீட்டிங்கில் எல்லோரிடமும் இருந்தது. கண்டாச்சிபுரம் அவளிடம் மட்டும்தான் இருந்தது. 'மாத்திரை' என்று போட்டால் டானிக், கஷாயம் எல்லாம் விட்டுப்போகும். 'மருந்து' என்றால் எல்லாம் அடங்கும். காய்ச்சல் வந்து படுத்தால் அம்மா கிண்ணியை வாயருகே பிடித்து, "கண்ண மூடிக்கினு மருந்த குடிச்சிடு" என்பாள். அந்தக் குரலை நினைத்துக்கொண்டு எழுதினாள்: 'ஆறு மாசத்துல இந்த வீட்ல யாராச்சும் மருந்து குடிச்சாங்களா?'

முறைப்படி அதை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்தார்கள். போன ஆங்கிலமும் திரும்பிவந்த ஆங்கிலமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. திருப்பி எழுதியவர் மாம்பலத்தில் பிறந்து மாம்பலத்திலேயே வளர்ந்தவர். வயற்காட்டையே பார்த்திராத அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. காந்திமதியோ கல்லூரிக்குப் போகும்வரை மல்லாட்டைக் கொல்லையிலேயே, அதாவது நிலக்கடலைக் காட்டிலேயே, வளர்ந்தவள். அந்த வார்த்தைகள் அப்படிச் சேர்ந்தால் அங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது உள்ளே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. இத்தனை வருஷம் வேறு பாஷையில் யோசித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று சொல்லி அவளைத் தப்பவிடலாம். எனக்கு மனசு வரவில்லை.

சர்வேக்குத் திண்டிவனத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பத்துப் பெண்களை எடுத்தார்கள். பயிற்சியின்போது காந்திமதி ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். டேப்லெட்டில் கேள்வி எப்படி இருக்கிறதோ அப்படியே படிக்க வேண்டும். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது, விளக்கமும் கூடாது. புரியவில்லை என்றால் அதையே மறுபடி படிக்க வேண்டும்.

"ஆளுக்கொரு முழம் போட்டா துணி அளக்க முடியுமா? நீங்க எல்லாரும் ஒரே அளவுகோல். மாத்திக் கேட்டது தெரிஞ்சா அன்னிக்கோட வேலை கிடையாது," என்றாள். சொன்னது சரியான விஷயம்தான். அளவுகோலே கோணலாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

விழுப்புரம் டவுனில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பாதி வீடுகளில் 'ஆமாம்' வந்தது. கோலியனூர் தாண்டிக் கிராமங்களுக்குள் நுழைந்ததும் 'ஆமாம்' காணாமல் போயிற்று. மேல்சித்தாமூர்ப் பக்கம் வரிசையாக 'இல்லை', 'இல்லை', 'இல்லை'.

"என்னம்மா, உங்க ஊர்ப் பக்கம் யாருக்கும் சர்க்கரையே கிடையாதா?" என்று இயக்குநர் போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பு காந்திமதியைச் சுட்டது.

இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று, யாரும் மாத்திரையே தொடுவதில்லை. இல்லையென்றால் சர்வே பெண்கள் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து தாங்களே பதில் போடுகிறார்கள். கேள்வியே தப்பாக இருக்கலாம் என்ற மூன்றாவது வழி அவள் புத்தியில் ஏறவில்லை. தன் பிள்ளை திருடியிருக்கும் என்று எந்தத் தாய்க்கு முதலில் தோன்றும்? ஒவ்வொரு கேள்வியும் திரையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை டேப்லெட் குறித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தாள். இரண்டு பேரிடம் பதினான்காவது கேள்வி வந்த வேகத்தில் போயிருந்தது. வாய்விட்டுப் படிக்கும் நேரம்கூட இல்லை. ஒருத்தி கவிதா, இன்னொருத்தி அமலா.

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸின் மாடி ஹாலைத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கீழே கொத்து பரோட்டாச் சத்தம். பத்துப் பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அமலா, எழுந்திரிங்க."

அமலா எழுந்து நின்றாள். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு காலனியிலிருந்து வருகிற பெண். பி.எஸ்சி. முடித்தவள். இதுதான் முதல் வேலை. பயிற்சியில் மற்றவர்கள் ஜோக் அடித்தபோதும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தவள்.

"மேல்சித்தாமூர் பக்கம் பதினாலாவது கேள்விய கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம்."

"பொய் சொல்லாதீங்க. கேள்வி திரையில வந்ததும் போனதும் எனக்குத் தெரியும். கேக்காமலே எல்லாத்துக்கும் இல்லைன்னு தட்டியிருக்கே." 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று காந்திமதி கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள்.

"கேக்க முடியலை மேடம்," என்றாள் அமலா தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏன்?"

"ஒரு மாதிரியா இருக்குது மேடம்."

"இன்னா ஒரு மாதிரி? வீட்டுக்கு விலக்காவறதப் பத்திக்கூட கேள்வி இருக்குது. அதைக் கேக்கத் தெரியுது, மருந்து குடிச்சாங்களான்னு கேக்க வெக்கமா?"

கவிதா பாதி எழுந்தாள். "மேடம், அந்தக் கேள்வியப் பத்தி…"

"உங்ககிட்ட அப்புறம் வர்றேன் கவிதா. உட்காருங்க." மறுபடி அமலாவிடம் திரும்பினாள். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாக்கறியே. நீ தட்டற பொய்ய நம்பித்தான் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு மருந்து வரணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. அது புரியுதா?"

அமலாவின் முகம் கறுத்துச் சிறுத்துப்போயிற்று. காந்திமதிக்கு அது போதவில்லை. இயக்குநரின் சிரிப்பை யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"இங்க வா. எல்லாருக்கும் எதிர்ல இந்தச் சேர்ல உக்காரு. நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு. நடிப்பு வேணாம். உன் வீடு, உன் குடும்பம். ஒரு தடவையாச்சும் உள்ளத உள்ளபடி சொல்லு பாக்கலாம்."

அமலா வந்து உட்கார்ந்தாள். காந்திமதி டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே நிதானமான குரலில் படித்தாள்.

"ஆறு மாசத்துல இந்த வீட்ல யாராச்சும் மருந்து குடிச்சாங்களா?"

அமலா நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தாள். அதுவரை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"குடிச்சாங்க."

"பாத்தீங்களா, இவ்ளோதான்!" என்று காந்திமதி மற்றவர்களிடம் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. கேட்டவுடன் 'ஆமாம்' வருகிறது. அப்படியானால் கேட்கவே இல்லை என்பது நிரூபணம். அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

"யாரு?"

"தங்கச்சி."

"வயசு?"

"இருபது."

இருபது வயதில் தைராய்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "தினமுமா, எப்பவாச்சுமா?"

"ஒரு தடவை."

"எங்க வாங்கினது? ஆஸ்பத்திரியிலயா, மெடிக்கல் ஷாப்பா?"

"வாங்கலை மேடம். வீட்லயே இருந்துச்சி. அப்பா மல்லாட்டைக்கு மருந்தடிக்கப் போவாரு."

விரல் 'மற்றவை' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டது. ஒரே தடவையோடு நின்றால் காரணம் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி தானாக வந்து நின்றது. காந்திமதியின் வாய் அவள் காதை முந்திக்கொண்டு ஓடியது.

"அப்புறம் ஏன் தொடரலை? மறந்துபோச்சா, தீந்துபோச்சா, கசந்துதா, இல்ல…"

பின்னால் யாரோ "ஏசுவே" என்றார்கள்.

"காப்பாத்திட்டோம் மேடம்," என்றாள் அமலா.

அப்போதுதான் காந்திமதிக்குக் காது கேட்டது. மருந்து. பயிருக்கு அடிக்கிற மருந்து. அவள் ஊரில் ஒருத்தி மருந்து குடித்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்; சாகக் குடித்தாள். சின்ன வயதில் ஒருநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஓலம் கேட்டபோது, கேப்பை புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து கேட்ட முதல் கேள்வியே, "யாரு, மருந்து குடிச்சிட்டாங்களா?" என்பதுதான். அந்தக் கேள்வியைத்தான் இவள் அச்சுப் பிசகாமல் எழுதி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். கசந்ததா என்று வேறு கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

அமலா எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை ஓசைப்படாமல் தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. காந்திமதிக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையில் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. டேப்லெட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், நம்ம பக்கம் மருந்து குடிச்சாங்கன்னா…" என்று ஆர்த்தி என்ற பெண் மெதுவாக ஆரம்பித்தாள்.

"தெரியும்," என்றாள் காந்திமதி.

"தெரிஞ்சா ஏன் மேடம் அப்படி எழுதினீங்க?"

அந்தப் பெண் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு வீட்டில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்களாம். ஒரு வீட்டில், "எந்தப் பாவி சொன்னான் உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம், உள்ளே அழுகைச் சத்தம் கேட்டதாம். மீதிப் பெண்கள் கேள்வியை வீட்டுக்காரர் காதில் விழாதபடி முணுமுணுத்துவிட்டு 'இல்லை'யைத் தட்டியிருக்கிறார்கள். டவுன்காரர்களுக்குத்தான் மருந்து வெறும் மருந்தாக இருந்திருக்கிறது.

"ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?"

"மாத்துனா வேலை கிடையாதுன்னு சொன்னீங்களே மேடம். எல்லாம் படிச்சவங்க யோசிச்சு வெச்சிருப்பாங்க, நமக்கு எதுக்கு பேஜாருன்னு விட்டுட்டோம்," என்றாள் கவிதா. கொஞ்சம் தயங்கி, "அமலா மட்டும் இல்ல மேடம். நானும் கேக்கலை," என்றாள்.

"அதுவும் தெரியும்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளையே திரும்பிக் குத்தியது. இரண்டு பேருடைய கணக்கும் அவளிடம் இருந்தது. கவிதாவுடையது அமலாவுடையதைவிட மோசம். இருந்தும் எழுப்பி நிறுத்தியது அமலாவை. ஏன்? பயிற்சி நாளில் கவிதா, "நீங்க கண்டாச்சிபுரத்துல எந்தத் தெரு மேடம்?" என்று விசாரித்து, சுற்றி வளைத்து ஒரு சொந்தம் கண்டுபிடித்திருந்தாள். கவிதாவின் அப்பாவுக்கும் நிலம் உண்டு, காந்திமதியின் அப்பாவுக்கும் உண்டு. அமலாவிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. காலனி என்றதும் கேள்வி முடிந்துவிட்டது. கவிதாவுக்கு 'உட்காருங்க', அமலாவுக்கு 'இங்க வா'. ஆய்வில் பாரபட்சம் எப்படியெல்லாம் நுழையும் என்று ஒரு மணி நேரம் படம் போட்டு வகுப்பு எடுக்கிறவள் அவள். யாரிடமும் சொல்ல முடியாத இந்த வெட்கத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கேயிருந்தே இயக்குநருக்குப் போன் செய்து, தப்பு கேள்வியில் இருக்கிறது, எழுதியது நான், சர்வேயை நிறுத்துங்கள் என்றாள். இங்கே கேட்டதை வெளியில் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று பெண்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். பிறகு அமலாவின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காலனியில் கார் நுழைந்ததும் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஓட்டு வீடு. கதவைத் திறந்தது ஒரு மெலிந்த பெண். தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"காந்திமதி மேடம்தானே? அக்கா போன்ல போட்டோ காட்டியிருக்குது. வாங்க மேடம்! அக்கா, மேடம் வந்திருக்காங்க பாரு! நான் அதோட தங்கச்சி, வேணி."

காந்திமதிக்குக் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. அந்தத் தங்கை இறந்துவிடவில்லை என்று தெரியும். இப்படிக் கதவைத் திறந்து முகம் நிறையச் சிரிப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உள்ளேயிருந்து அமலா ஓடிவந்தாள். கண் சிவந்திருந்தது. வேணியின் முதுகுக்குப் பின்னால் நின்று காந்திமதியைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டம். வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்த மன்னிப்பை அப்படியே அடக்கிக்கொண்டாள். அதை இங்கே சொன்னால், எதற்கு மன்னிப்பு என்று வேணி கேட்பாள்.

அப்பா தேவசகாயம் தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "குந்துங்கம்மா. புள்ள எதனா தப்பு பண்ணிடுச்சிங்களா? வந்ததுலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்குது."

"அய்யோ, இல்லைங்க. அமலா ரொம்ப நல்லா வேலை செய்றாங்க. இந்தப் பக்கம் வந்தேன், அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான்…"

"சொல்லுங்கம்மா, சொல்லுங்க!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரை, "சின்னதுரை, இங்க வாய்யா, புள்ளையோட ஆபீசர் வந்திருக்காங்க," என்று கூப்பிட்டார். காந்திமதி அவருக்கும் அதே பொய்யை இன்னொரு தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் அருவருப்பாக இருந்தது. பொய்க்காரி என்று மதியம் அத்தனை பேர் முன்னால் ஒருத்தியை நிற்கவைத்துவிட்டு, சாயங்காலம் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து வாய் கூசாமல் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

வேணி காபி கொண்டுவந்தாள். காந்திமதி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். சிறிது நேரத்தில் தேவசகாயத்தின் கண் டம்ளரைப் பார்ப்பதும் விலகுவதுமாக இருந்ததைக் கவனித்தாள். அவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்ததும் பதறிப்போய், சூட்டோடு சூடாக ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு வெந்தது. அவர் முகம் தெளிந்தது.

"எங்க தெருவுல சர்வேக்கு வரலையே மேடம்?" என்றாள் வேணி கதவோரம் நின்றுகொண்டு. "அக்கா சொல்லுச்சி, யாரு மாத்திரைய விடாம சாப்புடறாங்கன்னு கேக்கறீங்களாமே. என்னையக் கேளுங்க. வவுத்துக்குக் குடுத்த மாத்திரை, ஒருநாள்கூட விட்டதில்ல."

காந்திமதி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முயன்றாள். பார்க்க முடியவில்லை. "அப்படியே விடாம சாப்புடும்மா," என்று காலி டம்ளரிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அமலா கார் வரைக்கும் கூட வந்தாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு காந்திமதி அவள் கையைப் பிடித்தாள்.

"அமலா, நான் பண்ணது… என்ன சொல்றதுன்னே தெரியலைங்க. என்னை மன்னிச்சிடுங்க. சர்வேய நிறுத்திட்டேன். கேள்வி என் தப்புன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஹால்ல இருந்தவங்க வெளிய மூச்சு விடமாட்டாங்க. உங்க வேலைக்கும் ஒண்ணும் ஆகாது."

அமலா கையை விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை, வேறு எதையோ யோசித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டாள்.

"ஊர்ல எல்லார்கிட்டயும் வவுத்துவலின்னுதான் மேடம் சொல்லி வெச்சிருக்கோம். அம்மா எங்க மூணு பேர்கிட்டயும் மாதா படத்து மேல கை வெச்சு சத்தியம் வாங்கினாங்க. எங்கப்பா தண்ணி போட்டா ஊர்க் கதையெல்லாம் கத்துவாரு. அவரே இது வரைக்கும் வாயத் தொறக்கலை."

வீட்டுக்குள்ளிருந்து, "அக்கா, மேடம் கெளம்பிட்டாங்களா? தோசை ஊத்தட்டா?" என்று வேணி குரல் கொடுத்தாள்.

"ஊத்துடி, வர்றேன்," என்று அமலா எப்போதும்போல் பதில் சொன்னாள். பிறகு காந்திமதியைப் பார்க்காமல், கார்க் கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க தெரியாம கேட்டுட்டீங்க மேடம். நான் தெரிஞ்சேதான் சொன்னேன். எனக்குப் பொய்க்காரின்னு பேரு வந்துடுமேன்னு, அவளக் காட்டிக் குடுத்துட்டேன்."